செவிட்டுத் தவளையும் செல்லூர்த் தறியும்

மதுரையில் புத்தக வெளியீட்டு விழாக்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தக் காசில் புத்தகம் போட்டவர் புதுச் சட்டையோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வாழ்த்த வந்தவர்களில் ஒருவராவது அந்தத் தவளைக் கதையை எடுத்துவிடுவார். தவளைகளுக்குள் கோபுரம் ஏறும் போட்டி. கீழே நின்ற கூட்டம், "முடியாது, விழுந்துருவே" என்று கத்துகிறது. ஒவ்வொரு தவளையாக விழ, ஒன்று மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்கிறது. எப்படி என்று விசாரித்தால், அதற்குக் காது கேட்காதாம். "தம்பி, நீங்களும் அப்படித்தான் இருக்கணும். யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க, எழுதிக்கிட்டே இருங்க." பலத்த கைதட்டல். அப்புறம் பொன்னாடை, மிக்சர், காபி.

என் விழாவிலும் அந்தத் தவளை ஏறியது. சிறுகதைத் தொகுப்பு, 300 பிரதி. மதுரையின் தறிப் பகுதியான செல்லூரில் எங்கள் வீட்டில், ஒரு காலத்தில் பாவு சுற்றி வைத்திருந்த மூலையில், ஐம்பது ஐம்பதாகக் கட்டிய ஆறு கட்டுகள் வந்து இறங்கின. அதில் மூன்று கட்டுகளின் சணல் கயிறு ஒரு வருஷம் அவிழவே இல்லை. அந்த ஒரு வருஷமும் நான் உண்மையாகவே அந்தத் தவளையாக இருந்தேன். பாராட்டியவரை ரசிகர் என்றேன், குறை சொன்னவரைப் பொறாமைக்காரர் என்றேன். இந்தக் கட்டுரை அந்தத் தவளைக்கு நான் எழுதும் மறுப்பு.

மறுக்க வேண்டிய கருத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவதுதான் நியாயம். புதிதாக எழுத வருகிறவர், அதிலும் தானே புத்தகம் போடுகிறவர், விமர்சனத்துக்குக் காது கொடுத்தால் கலங்கிப்போவார். அவர் எழுதிக்கொண்டே போகட்டும், காலம் தீர்ப்புச் சொல்லும். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பாதிப்பேர் தாங்களே அடிபட்டவர்கள்.

அவர்கள் பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. என் புத்தகம் வந்த முதல் மாதத்தில் கிடைத்த ஆலோசனைகளைச் சொல்கிறேன். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் புத்தகம் ஓடும் என்றார் எண்கணிதம் தெரிந்தவர். 'பொன்னியின் செல்வன்' மாதிரி ஐந்து பாகமாக எழுதச் சொன்னார் ஒருவர். அட்டையைத் தடவிப் பார்த்து "எவ்வளவு செலவாச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள் பலர். "காசிருந்தா யார் வேணா புத்தகம் போடலாம்" என்று என் காதுபடவே சொன்னவரும் உண்டு. எல்லாவற்றையும் விட ஒரு கேள்வி உள்ளே போய்த் தைத்தது: "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரு எழுதியிருக்கா?" இந்தக் கேள்விக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. தறிக்கார வீட்டிலிருந்தோ கொத்தனார் வீட்டிலிருந்தோ முதல் தலைமுறையாக எழுத வருகிறவரை வாசலோடு நிறுத்த எழுப்பும் சுவர் அது. அந்தச் சுவரைக் கண்டவர்கள்தான் இரக்கப்பட்டு, காதை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இரக்கம் சரி, வைத்தியம் தப்பு. அந்தக் கேள்வியை இன்னதென்று அடையாளம் கண்டு ஒதுக்குவதற்குக் காது வேண்டும். மூடிய காதுக்குள் அந்தக் கேள்வியும் வராது, என் புத்தகத்தின் 61ஆம் பக்கத்தில் என்ன பிழை என்பதும் வராது. அந்தப் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தவளையைப் பார்ப்போம். கோபுரம் ஏறுகிற தவளைக்குக் கூட்டம் தேவையில்லை. ஏறினால் முடிந்தது. புத்தகம் அப்படியா? இன்னொருவர் படிக்கும்போதுதான் அது நடந்து முடிகிறது. கேட்க ஆளில்லாமல் பேசுவதற்குப் பெயர் வேறு. யாரை நம்பி எழுதினோமோ அவர் வாயைத் திறந்ததும் நாம் காதைப் பொத்திக்கொள்வது என்ன வியாபாரம்?

இன்னொன்று, தானே வெளியிடுகிறவருக்கு மட்டும் பொருந்தும் விஷயம். பதிப்பகம் வழியாக வரும் புத்தகத்தை, அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு மூன்று பேராவது படித்திருப்பார்கள். போட்ட முதல் திரும்புமா என்று கவலைப்படும் ஒருவராவது "இந்தக் கதை எதற்கு?" என்று கேட்டிருப்பார். மெய்ப்புத் திருத்துகிறவர் மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் காபி குடிப்பதைக் கண்டுபிடித்திருப்பார். நான் அச்சகத்துக்குப் போனபோது என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "அட்டைக்கு மேட்டா, கிளாஸா?" பணம் கட்டினேன், புத்தகம் வந்தது. இப்போது கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சடித்துத் தருகிறார்கள், ஐம்பது பிரதிகூட. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து விட யாரோ ஒருவர் வர வேண்டும் என்று காத்திருந்த காலம் போனது நல்லதே. ஆனால் அச்சுக்கு முன்னால் நடக்க வேண்டிய படிப்பு நம் விஷயத்தில் அச்சுக்குப் பின்னால்தான் நடக்கிறது. 150 ரூபாய் கொடுத்து வாங்கியவர் நமக்குச் சம்பளமில்லாத பதிப்பாசிரியராகவும் வேலை பார்க்கிறார். அவரைப் பொறாமைக்காரர் என்பது நன்றிகெட்டதனம்.

நம் மரபில் இந்தப் படிப்பை எவ்வளவு கடுமையாக வைத்திருந்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியப் பாயிரமே சாட்சி. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்த நூல் அரங்கேறியதாக அது சொல்கிறது. பின்னால் வந்த உரை மரபில் ஒரு கதை சேர்ந்துகொண்டது. எது சொன்னாலும் குற்றம் சொல் என்று அகத்தியர் அதங்கோட்டாசானுக்குச் சொல்லி அனுப்பினாராம். அவரும் குற்றம் சொல்லிக்கொண்டே வர, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிக்கொண்டே வந்தாராம். நடந்ததோ இல்லையோ, ஒரு நூல் எப்படிப்பட்ட காதுகளைத் தாண்டி வர வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று வந்து உட்கார்ந்தவரின் பெயர்தான் பாயிரத்தில் மரியாதையோடு நிற்கிறது.

மதுரைக்காரன் இதைப் பேசினால், சிவபெருமான் எழுதிக் கொடுத்த பாட்டோடு சங்கத்துக்குப் போன தருமியைத் தொடாமல் போக முடியாது. எல்லோரும் அந்தக் கதையில் நக்கீரரைப் பார்ப்பார்கள். நான் தருமியைப் பார்க்கச் சொல்கிறேன். பாட்டில் குற்றம் என்றதும் அவன் ஏன் வாயடைத்து நின்றான்? பாட்டு அவனுடையது இல்லை. விளக்கம் சொல்லவும் தெரியாது, திருத்தவும் முடியாது. எழுதிக் கொடுத்தவரிடம் போய் அழத்தான் முடியும். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. எழுத்து நம்முடையது, காசு நம்முடையது, அட்டைப்படத்தைத் தேர்ந்தெடுத்தது வரை நாம்தான். அப்படியிருந்தும் குற்றம் மட்டும் அடுத்தவர் மனசில் இருக்கிறது என்கிறோம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி மூன்று சாட்சிகளை அழைத்துவரும். எனக்கும் அழைத்துவந்தார்கள்.

முதல் சாட்சி பாரதி. "பாரதியை யாரு மதிச்சா? அவர் யார் சொல்லையும் கேட்டாரா?" 1920இல் பாரதி தன் எழுத்துகளை 40 தொகுதிகளாக, தொகுதிக்கு 10,000 பிரதி வீதம் தானே வெளியிடத் திட்டம் போட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பது அவர் கனவு. பணம் கேட்டு அறிக்கை விட்டார். பணம் வரவில்லை, திட்டம் அப்படியே நின்றது. அந்த 40 தொகுதிகளையும் எந்த விமர்சகர் கொன்றார்? ஒருவரும் இல்லை. ஊர் பதில் சொல்லாமல் இருந்ததுதான் கொன்றது. தானே புத்தகம் போடுகிறவனுக்கு எதிரி மௌனம்தான். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு சுற்று வந்தால் இது புரிந்துவிடும். அத்தனை ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவில் நம்முடையதை எடுத்து, கடைசிப் பக்கம்வரை போய், "இந்த இடம் சரியில்லை" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அது நமக்கு அடித்த யோகம்.

இரண்டாம் சாட்சி எங்கள் ஊர் ஜி. நாகராஜன். 1963இல் 'குறத்தி முடுக்கு', 1974இல் 'நாளை மற்றுமொரு நாளே' என்று பித்தன் பட்டறை என்ற சொந்த வெளியீடாகவே கொண்டுவந்தவர். யாரையும் பொருட்படுத்தாத ஆள் என்று அவரைத் தவளைக் கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள். 'குறத்தி முடுக்கு' முன்னுரையில் அவர் சொன்னதன் சாரம் என்ன? இப்படியெல்லாம் நடக்கலாமா என்று கேளுங்கள், இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்காதீர்கள் என்பதுதான். காது கேட்காதவர் இப்படிப் பேச மாட்டார். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயார், எது தன் வேலையில் தலையிடுவது என்று வாசலிலேயே பிரித்துக் காட்டிய ஆள் அவர். எழுத வருகிறவர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பிரிப்பைத்தான்.

மூன்றாம் சாட்சி உ.வே.சா. இவர்தான் தவளைக் கட்சியின் பெரிய துருப்புச்சீட்டு. 1887இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தது எந்தப் பதிப்பகத்தின் தயவிலும் இல்லை. முன்பணம் தரச் சம்மதித்தவர்களிடம் கையொப்பம் வாங்கி, தானே காகிதம் வாங்கி, தானே ப்ரூப் பார்த்துக் கொண்டுவந்தார். புத்தகம் வந்ததும் கண்டனங்கள் கிளம்பின. பிழை இருக்கிறது என்று அச்சடித்துப் பரப்பினார்கள். மனம் வெந்து அவர் ஒரு பதில் எழுதினார். கும்பகோணம் கல்லூரியில் உடன் இருந்த சாது சேஷையர் அதை வெளியிட விடவில்லை. "பார்த்தீர்களா, காதிலேயே வாங்கவில்லை" என்கிறார்கள்.

பதில் சொல்லாமல் இருப்பதும் கேளாமல் இருப்பதும் ஒன்று என்று நினைப்பதால் வரும் வினை இது. உ.வே.சா. வாயைத்தான் மூடினார், ஏட்டை மூடவில்லை. மேலும் மேலும் ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 20 வருஷம் கழித்து 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். கண்டனத்துக்கு உண்மையான பதில் அதுதான். எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அருட்பா மருட்பா விவகாரம் இருக்கிறது. 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியது. 1869இல் ஆறுமுக நாவலர் மறுப்பு எழுதினார், விவகாரம் அதே வருஷம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. வள்ளலார் 1874இல் மறைந்தார், நாவலர் 1879இல் மறைந்தார், கண்டனமும் கண்டனத்துக்குக் கண்டனமும் மட்டும் மறையவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் சீடர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதில் எழுதப் புகுந்தால் அதற்கு முடிவே கிடையாது. அதனால் புது எழுத்தாளரிடம் வாயை மூடு என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். காதை மூடு என்று சொல்லாதீர்கள்.

"அப்படியென்றால் வருகிறவர் போகிறவர் சொல்வதையெல்லாம் கேட்கணுமா? அப்பனும் மகனும் கழுதையைத் தூக்கிக்கொண்டு போன கதைதான்" என்பார்கள். தவளை தோற்றால் கழுதை வரும். அந்தக் கதையை இன்னொரு தரம் கேளுங்கள். அப்பனும் மகனும் ஊர்ப் பேச்சைக் கேட்டதால் கெடவில்லை. ஒவ்வொருவர் சொன்னதும் செய்தார்கள். ஒரு தடவைகூடக் கழுதையைத் திரும்பிப் பார்க்கவில்லை. விமர்சனத்தைக் கேட்டதும் பார்க்க வேண்டியது சொன்னவர் முகத்தை இல்லை, கழுதையை. அதாவது, அந்தப் பக்கத்தை.

இப்போது 61ஆம் பக்கம்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு தறிக்கார மாமா. ரத்த உறவு கிடையாது, தெரு வழக்கத்தில் மாமா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். என் புத்தகத்தை ஒன்றரை மாதம் வைத்திருந்து படித்தார். ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"மாப்ள, கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த 61ஆம் பக்கத்துல அந்தப் புள்ள ஊடை அறுந்துருச்சுன்னு தறியில தலையச் சாச்சு அழுகுது. ஊடை அறுந்தா எதுக்குய்யா அழுகணும்? நாடாவ எடுத்து, நுனியப் புடிச்சு, மறுபடி விட்டா ஓடப்போகுது. பாவு அறுந்தாத்தான் சங்கடம். அறுந்த இழையத் தேடி, முடி போட்டு, விழுதுல கோத்து, அச்சுல வாங்கணும். கண்ணு போயிரும்."

"அது குறியீடு மாமா" என்றேன்.

"குறியீடோ என்னமோ. அந்தப் புள்ளைக்குத் தறி தெரியாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

நெடுக்கு நூல் பாவு, நாடாவோடு ஓடும் குறுக்கு நூல் ஊடை. தறியிலேயே பிறந்து வளர்ந்தவளாக நான் படைத்த பெண் அவள். விழாவில் பேசியவர்களில் ஒருவர், அந்தக் காட்சியைத்தான் உச்சம் என்று நாலு நிமிஷம் பாராட்டியிருந்தார். பாராட்டியவருக்குத் தறி தெரியாது. எனக்கும், தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்திருந்தும், தெரிந்திருக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு வந்தேன். நாலு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா இந்த இடத்தில்தான் உதவுகிறார். 1959இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்து 1970வரை நடத்தியவர். தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு, மூட்டை கட்டிக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றவர். 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டபோது (1997) அவருக்கு வயது 85. அவர் மறைந்த பிறகு, 2001இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது. சொந்த வெளியீட்டுக்காரர்களுக்கு இவரைவிடப் பெரிய முன்னோடி இந்தச் சீமையில் இல்லை. அப்படிப்பட்டவர் வாழ்நாளெல்லாம் எதற்காக மல்லுக்கட்டினார்? விமர்சனத்துக்காக. நன்றாயிருக்கிறது, இல்லை என்று ரசனையை மட்டும் வைத்துச் சொன்னால் போதாது, வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்று விமர்சகர் க.நா.சு.வோடு வாதாடினார். அலசல் விமர்சனம் என்ற சொல்லே அவரோடு ஒட்டிக்கொண்டது.

செல்லூரில் அலசல் என்றால் வேறொரு காட்சியும் கண்ணில் வரும். சாயத்தில் முக்கி எடுத்த நூலைத் தண்ணீரில் அலசுவார்கள். ஒட்டாத சாயம் ஓடிவிடும், ஒட்டிய சாயம் நிற்கும். அலசாமல் நெய்தால் கட்டியவர் உடம்பெல்லாம் சாயம். அலசலுக்குப் பயப்படுகிற நூலுக்கு முதலிலேயே சாயம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மிரட்டலையும் விமர்சனத்தையும் ஒரே கூடையில் போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 கடைசியில் கிளம்பிய எதிர்ப்பால், 2015 ஜனவரியில் எழுத்தையே விட்டுவிடுவதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பி வந்தார். அங்கே நடந்ததற்கு விமர்சனம் என்று பெயர் வைத்தால் விமர்சனத்துக்கு அவமானம். அப்படி மிரட்டப்படுகிறவருக்குத் துணை நிற்க வேண்டியது சட்டமும் சக எழுத்தாளர்களும். "61ஆம் பக்கத்தில் ஊடை தப்பு" என்று சொன்ன மாமாவை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவைத்து, நானும் பாதிக்கப்பட்ட எழுத்தாளன் என்று திரிந்தால் அது அசல் வேஷம்.

மாமாவிடம் திரும்பப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் அவர் நெய்த சேலையோடு முதலாளி வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போக நேர்ந்தது. முதலாளி சேலையை விரித்து, ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க விழுந்திருக்கு, கூலியில பிடிச்சுக்கிறேன்" என்றார். மாமாவுக்கு முகம் சுண்டவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சேலையைக் கையில் வாங்கி, வாசலுக்கு நடந்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே வந்து, "இது என் தப்பு, பிடிச்சுக்கங்க. இந்தா, இங்கிட்டு இருக்குறது நூல்ல இருந்த முடிச்சு. நூலு உங்க நூலு. இதுக்குப் பிடிக்காதீக" என்றார். முதலாளியும் போய் வெயிலில் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக வாரம் தவறாமல் குறை கேட்கிறவர் அவர். ஒருநாளும் முதலாளிக்குத் தன்மேல் பொறாமை என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

நான் ஒரே ஒரு புத்தகம் போட்டுவிட்டு, வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்காமலேயே நாலு மாதம் கோபமாக இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். யார் எது சொன்னாலும் பக்க எண்ணோடு எழுதிக்கொள்வது. பக்க எண் சொல்ல முடியாத பாராட்டும் சரி, பழியும் சரி, நோட்டில் ஏறாது. ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்தை வாசலுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். அவர்கள் சொல்லும் பரிகாரத்தை அப்படியே செய்ய வேண்டும் என்றில்லை. மாமாவேகூட, "அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்னு போட்டுரு மாப்ள, அழுதது சரியாப்போகும்" என்று ஒரு யோசனை சொன்னார். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிழை இருக்கிற இடத்தை அவர் சொன்னார், திருத்துகிற வேலை என்னுடையது.

இரண்டாம் அச்சு 100 பிரதி. அதில் அறுவது பாவு. அந்தப் பெண் அழுவதில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து, அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அழ அவளுக்கு நேரம் இல்லை. முதல் அச்சில் நான் குறியீடு என்று நினைத்து எழுதியதைவிட இதில் அவள் துக்கம் கூடுதலாகத் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. அது என் கணிப்புதான். பிரதியை மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க அவருக்கு ஒன்றரை மாதம் ஆகும்.